வடக்குச் சாலையின் சத்திரங்கள் - ஜனப்பன்சத்திரம் முதல் தொரவாரிசத்திரம் வரை

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் செங்குன்றம், சோழவரம், காரனோடை தாண்டினால் ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு என்று ஒரு நிறுத்தம் வரும். பேருந்து நடத்துனர்கள் ஒரு நாளைக்குப் பல நூறு முறை அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அது ஒரு சத்திரத்தின் பெயர் என்பதை நினைப்பதில்லை. அதே சாலையில் கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று வடக்கே போய், ஆந்திர எல்லையைக் கடந்து, தடா, சூலூர்ப்பேட்டை தாண்டினால் தொரவாரிசத்திரம் என்ற இரயில் நிலையம் வருகிறது. அதுவும் ஒரு சத்திரத்தின் பெயர்தான்.

இந்த இரண்டு சத்திரங்களுக்கும் நடுவில் இருப்பது ஆரம்பாக்கம். தமிழ்நாட்டின் வடகோடியில், பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் இடம். இரால், நண்டு, மடவை என்று ஏரியை நம்பி வாழும் மீனவக் கிராமங்கள் அதன் கிழக்கே இருக்கின்றன. இந்த வழியாக எத்தனையோ தலைமுறைகள் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடந்து போயிருக்கின்றன. அவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில்தான் சத்திரங்களின் வரலாறு.

சாலை ஏன் இந்த வழியாகப் போகிறது?

தென்னிந்தியாவின் கிழக்குக் கரையில் வடக்கே போக வேண்டுமானால் கடலோரமாகவே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் சென்னைக்கு வடக்கே அது முடியாது. எண்ணூர் கழிமுகம் ஒரு தடை. அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம் உள்ள இந்த உப்பங்கழி, இந்தியாவில் ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே சிறீஅரிக்கோட்டா தீவு. மேற்கே போனால் நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்து மலைகள்.

ஆகவே ஏரிக்கும் மலைக்கும் இடையில் உள்ள சமவெளிதான் வழி. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை எல்லாம் இந்த இடைவெளியில்தான் வரிசையாக அமைந்திருக்கின்றன. பாதசாரிகள், பொதிமாடுகள், மாட்டுவண்டிகள், பட்டாளங்கள், தபால் ஓட்டக்காரர்கள், பிற்காலத்தில் இரயில், அதற்கும் பிறகு லாரிகள் என்று எல்லோரும் இதே வழியைத்தான் பிடித்தார்கள். ஆங்கிலேயர் இதற்கு 'கிரேட் நார்தர்ன் டிரங்க் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். ஜி.என்.டி. ரோடு என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

இந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆறுகள் ஓடுகின்றன. தெற்கே கொசஸ்தலையாறும் ஆரணியாறும், சூலூர்ப்பேட்டையில் காளங்கி, நாயுடுப்பேட்டையில் சுவர்ணமுகி. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் இவை ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருக்கெடுக்கும். பாலங்கள் இல்லாத காலத்தில் வெள்ளம் வடியும்வரை வழிப்போக்கர்கள் கரையிலேயே காத்திருக்க வேண்டும். ஒரு நாளா, மூன்று நாளா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலே கூரையும் கீழே உலர்ந்த தரையும் ஒரு பிடி அரிசியும் கிடைப்பது அப்போது உயிர்ப் பிரச்சினை. புண்ணியத்துக்காகச் சத்திரம் கட்டினார்கள் என்பது உண்மை. அதற்கு ஒரு நடைமுறைத் தேவை இருந்தது என்பதும் உண்மை.

சத்திரம், சாவடி, 'சௌல்ட்ரி'

சத்திரம் என்ற சொல் 'சத்ர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. முதலில் நீண்ட வேள்வியையும், பிறகு அன்னம் அளிக்கும் தருமத்தையும் அது குறித்தது. தமிழில் அதற்கு முன்பே அறச்சாலை, அறக்கோட்டம் போன்ற சொற்கள் உண்டு. மணிமேகலை அமுதசுரபியைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிட்ட இடம் புகாரில் இருந்த உலக அறவி என்ற பொது அம்பலம். வழியில் போகிறவனுக்கு ஊர்ப் பொதுவில் இடமும் உணவும் உண்டு என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியது அல்ல.

சாவடி என்பது சற்று வேறானது. நாலு தூண் நிறுத்தி மேலே கூரை போட்ட பொதுக் கொட்டகை. வழிப்போக்கர் தங்கலாம், ஊர்ப் பஞ்சாயத்து கூடலாம், சுங்கம் வசூலிக்கலாம். இந்தச் சாவடி என்ற சொல்லைத்தான் ஐரோப்பியர் தங்கள் வாயில் 'சௌல்ட்ரி' என்று ஆக்கினார்கள். சென்னையின் கறுப்பர் நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் சிறு வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்குச் 'சௌல்ட்ரி கோர்ட்' என்றே பெயர். பின்னர் தங்கும் சத்திரங்களுக்கும் அதே ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஒரு சத்திரம் எப்படி இருந்தது?

வடக்குச் சாலையில் இருந்தவையும் தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் இருந்தவையும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். சாலையைப் பார்த்த பெரிய திண்ணை. அதைத் தாங்கும் கல் அல்லது மரத் தூண்கள். உள்ளே முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் சில அறைகளும். பின்கட்டில் சமையற்கட்டு. பக்கத்தில் கிணறு அல்லது குளம். வண்டிகளை அவிழ்த்து மாடுகளைக் கட்ட ஒரு தோப்பு, பெரும்பாலும் புளியோ மாமரமோ.

சத்திரத்துக்குச் சத்திரம் நடுவில் வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மண்பானையில் தண்ணீரும் நீர்மோரும் கொடுப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றுவதற்காகச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். தோள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு, அதன்மேல் ஒரு கல்லைக் கிடத்தியது அது. பிள்ளைப்பேற்றுக்கு முன் கருவுடன் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

தூரக் கணக்கையும் சத்திரங்கள் காட்டின. மாட்டுவண்டியோ மூட்டை சுமந்து நடப்பவனோ ஒரு நாளில் போகக்கூடியது சுமார் 10 முதல் 15 மைல். எனவே பெருவழிகளில் சத்திரங்களும் அந்த இடைவெளியை ஒட்டியே அமைந்தன. சென்னையிலிருந்து மேற்கே பெங்களூர்ச் சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று அடுத்தடுத்து வருவதையும், வடக்கே ஜனப்பன்சத்திரம் இருப்பதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இவை ஊர்களே அல்ல, ஒருநாள் பயணத்தின் முடிவுகள். சத்திரத்துக்கு எதிரே ஒரு வெற்றிலைபாக்குக் கடை, ஒரு லாடம் அடிக்கும் இடம், ஒரு வைக்கோல் வியாபாரி என்று வந்து சேர்ந்து, பிறகுதான் ஊர் உண்டாயிற்று.

பெயரில் நிற்பவர் யார்?

இந்தப் பெயர்களைக் கூர்ந்து கவனித்தால் ஒரு செய்தி கிடைக்கும். பாலுசெட்டி என்பது ஒரு வணிகர் பெயர். ஜனப்பர் என்பது சணல் நாரில் கோணிப்பை செய்து விற்ற தெலுங்கு பேசும் ஒரு வணிகச் சாதியின் பெயர். பொதிமாட்டுக்கும் வண்டிக்கும் கோணி இல்லாமல் வியாபாரம் இல்லை. அந்தச் சாலையால் பிழைத்த ஒருவர் அந்தச் சாலைக்கே செய்த தருமம் ஜனப்பன்சத்திரம் என்று பெயரிலிருந்து ஊகிக்கலாம். தொரவாரிசத்திரம் என்பதற்குத் தெலுங்கில் 'துரையவர்களின் சத்திரம்' என்று பொருள். தொர என்ற சொல் அந்தப் பக்கத்தில் பாளையக்காரர், ஜமீன்தார் போன்றவர்களையும் குறிக்கும், வெள்ளைக்காரத் துரையையும் குறிக்கும். எந்தத் துரை என்று பெயர் சொல்லவில்லை. துரையின் பெயர் போய்விட்டது, சத்திரம் என்ற சொல் நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் பழைய கிராமத்து விடுதிகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்கும் யாத்திரைதான் விடுதிகளை வளர்த்தது. கான்டர்பரிக்குப் போன யாத்திரிகர்கள் இலண்டனின் சதர்க் பகுதி விடுதிகளில் கூடிப் புறப்பட்டார்கள். ஆனால் அந்த விடுதி ஒரு கடை. மது விற்கும், படுக்கைக்குக் காசு வாங்கும். இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில் 1393ல் மது விற்பவர்கள் வாசலில் பலகை மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. 1552ல் உரிமம் கட்டாயமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சிங்கம், மான், மணி, கிரீடம் என்று பலகையில் படம் போட்டார்கள். அதனால் ஆங்கில விடுதிகளுக்குப் படத்தின் பெயர். தமிழ்நாட்டுச் சத்திரங்களுக்குக் கொடுத்தவரின் பெயர். அங்கே வாசலில் பலகை வாடிக்கையாளரை அழைக்கிறது. இங்கே வாசலில் கல்வெட்டு கொடையாளரின் புண்ணியத்தைச் சொல்கிறது.

இந்த வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு அல்ல. இரண்டின் தலைவிதியையும் அதுவே தீர்மானித்தது.

காசிக்குப் போன ஒரு சென்னைவாசி

சத்திரங்கள் உயிரோடு இருந்த காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல சான்று ஏனுகுல வீராசாமி என்பவரின் பயணக் குறிப்பு. இவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18 அன்று பெரும் பரிவாரத்தோடு சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். போகும்போது திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி வழி. திரும்பும்போது கயா, கல்கத்தா, பூரி என்று வந்து, கிழக்குக் கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கினார். 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை சேர்ந்தார். 15 மாதங்களுக்கு மேற்பட்ட பயணம். வழியில் நண்பருக்குத் தெலுங்கில் எழுதி அனுப்பியவை 'காசி யாத்ரா சரித்ர' என்ற நூலாக 1838ல் அச்சாயின. தெலுங்கின் முதல் பயண நூலாக அது கருதப்படுகிறது.

அன்றாடம் எங்கே இறங்கினோம், அங்கே கடை உண்டா, தண்ணீர் எப்படி, தங்க இடம் உண்டா என்பதுதான் அந்நூலின் அடிப்படை. பணமும் பல்லக்கும் ஆட்களும் கூடாரமும் உள்ள ஒருவருக்கே இவை அன்றாடக் கவலை என்றால், கையில் ஒரு செம்பும் தோளில் ஒரு மூட்டையுமாக நடந்தவர்களுக்குச் சத்திரம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இராமேசுவரத்து மணலைக் கங்கையில் கரைத்து, கங்கை நீரை இராமேசுவரத்துக்குச் சுமந்து வரும் யாத்திரை பல மாதங்கள் பிடிப்பது. சிலர் திரும்பி வருவதே இல்லை. காசியில் தமிழ்நாட்டு யாத்திரிகர்களுக்காக நகரத்தார் ஒரு சத்திரம் ஏற்படுத்தினார்கள். அது இன்றும் நடக்கிறது.

தெற்கே தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழி நெடுக சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் புகழ் பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் நடக்கும் தருமங்களை விவரித்திருக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசி, பருப்பு முதலியவை படியாகக் கொடுக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அழைப்பார்கள். நோயாளிக்கு வைத்தியரும், அநாதைப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும், வழியில் பிரசவிக்கும் பெண்ணுக்கு உதவியும் உண்டு. இந்தத் தருமங்களுக்கான நிலங்களைக் கும்பினி தொடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட கடிதம் அது. அதனால் சிறிது மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் ஒரு சத்திரம் என்னவெல்லாமாக இருக்க வேண்டும் என்று அக்காலத்தில் நினைத்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

பஞ்ச காலமும் கஞ்சித் தொட்டியும்

வடக்குச் சாலை சென்னையை விட்டுப் புறப்படும் இடத்தில், இராயபுரத்தை ஒட்டி, மணியக்காரர் சத்திரம் இருந்தது. ஐதர் அலியின் படையெடுப்பால் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் பாழாகி, 1782ல் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. மக்கள் அதைக் கஞ்சித் தொட்டி என்றார்கள். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் அதிகம் இருந்ததால் அங்கே மருத்துவமும் தொடங்கியது. காலப்போக்கில் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக ஆனது அதுதான். வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லியைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதுண்டு.

1876-78 தாதுவருடப் பஞ்சத்திலும் கிராமத்து மக்கள் சாலைகளைப் பிடித்துச் சென்னை நோக்கி வந்தார்கள். அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. 1878ல் கால்வாய் முழுவதற்கும் ஆளுநர் பக்கிங்காமின் பெயர் சூட்டப்பட்டது. எண்ணூர் வரைக்கும் 1806லேயே வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காடு ஏரி வழியாக வடக்கே நீட்டப்பட்ட கால்வாய் அது. உப்பு, விறகு, ஏரியிலிருந்து எடுத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு எல்லாம் படகுகளில் சென்னைக்குப் போயின. ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குச் சாலையைவிடக் கால்வாயே பிழைப்பின் வழியாக இருந்தது. கனமான சரக்கு தண்ணீரில் போயிற்று. மனிதர்கள் சாலையில் நடந்தார்கள். சத்திரம் மனிதர்களுக்கானது.

யாருக்குத் திண்ணை, யாருக்கு வாசல்?

சத்திரத்தின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. எல்லோருக்கும் உணவு என்று தஞ்சைக் கடிதம் சொன்னாலும், எல்லோருக்கும் ஒரே இடம் என்று எந்தச் சத்திரமும் சொல்லவில்லை. பிராமணர்களுக்கு உள்கட்டில் சமைத்துப் போட்ட உணவு. மற்றவர்களுக்கு வேறு பந்தி அல்லது படி அரிசி. பல சத்திரங்கள் பிராமணர்களுக்கு மட்டும் என்றே சாசனம் எழுதி வைக்கப்பட்டவை. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திண்ணைகூட இல்லை. அவர்கள் கிணற்றைத் தொட முடியாது. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். கருவாட்டுக் கூடையோடு ஏரிக்கரையிலிருந்து சந்தைக்கு நடந்த பெண்ணுக்கும் உள்கட்டு இல்லை. அவளுக்குச் சுமைதாங்கிக் கல்லும் புளியமர நிழலும்தான் சத்திரம்.

பெரியாரின் வாழ்க்கை வரலாற்றில் வரும் நிகழ்ச்சி எல்லோரும் அறிந்தது. 1904ல் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமி பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழையப் பார்த்தார். பிராமணர்களுக்கு மட்டுமே உணவு என்று வெளியே தள்ளப்பட்டார். தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் இருந்ததை உண்டு பசியாறினார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டைச் சேர்ந்த ஒரு பிராமணரல்லாத வணிகர் என்று வாசல் கல்வெட்டில் பிறகு கண்டார். கொடுத்தவர் ஒருவர், உண்பவர் வேறொருவர், இருவருக்கும் நடுவில் கதவு என்ற நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தக் கதவு சட்டத்தால் மெல்லத் திறந்தது. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனியிடம் என்ற வழக்கம் தென்னாட்டில் 1941ல் நீங்கியது. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே தடையை நீக்கியது. ஆனால் எல்லோருக்கும் கதவு திறந்த அந்த நேரத்தில் சாலையோரச் சத்திரங்கள் பெரும்பாலும் இடிந்து போயிருந்தன.

இரயில் வந்தது, சத்திரம் போனது

விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் இரயில் பாதை 1899ல் முடிந்தது. கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை, தொரவாரிசத்திரம், நாயுடுப்பேட்டை என்று நிலையங்கள் வரிசையாக அமைந்தன. நான்கைந்து நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கியது. வெள்ளம் வடியும்வரை கரையில் காத்திருக்கத் தேவை இல்லை. இரவில் திண்ணை தேடத் தேவை இல்லை.

தெற்குப் பகுதியில் இரயில் பொன்னேரி வழியாகப் போயிற்று. அதனால் ஜனப்பன்சத்திரத்துக்கு நிலையம் கிடைக்கவில்லை. அது சாலை ஊராகவே இருந்து, இன்று கூட்டுரோடாக இருக்கிறது. தொரவாரிசத்திரத்துக்கு நிலையம் கிடைத்தது. அதன் பெயர் இரயில் அட்டவணையில் ஏறியது. சத்திரம் தேவைப்படாமல் செய்த இரயிலே சத்திரத்தின் பெயரைக் காப்பாற்றியது என்பது வேடிக்கை.

இங்கிலாந்திலும் இதேதான் நடந்தது. 1784ல் தபால் கோச் வண்டிகள் ஓடத் தொடங்கியபின் செழித்த சாலையோர விடுதிகள், 1830களிலும் 40களிலும் இரயில் வந்ததும் நொடித்தன. ஆனால் அங்கே பல விடுதிகள் அழியவில்லை. வழிப்போக்கன் வராவிட்டாலும் உள்ளூர்க்காரன் மாலையில் குடிக்க வந்தான். பின்னர் மோட்டார் கார் வந்தபோது சாலை மறுபடி உயிர் பெற்றது, விடுதியும் உயிர் பெற்றது. சதர்க்கில் 1677ல் மறுபடி கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதி இன்றும் இருக்கிறது.

சத்திரத்துக்கு இந்த வழி இல்லை. அது எதையும் விற்கவில்லை. அதன் உணவு சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலத்தின் விளைச்சலிலிருந்து வந்தது. நிலம் இருக்கும்வரை அடுப்பு எரியும். நிலம் கைமாறினால் அடுப்பு அணையும். இது ஆங்கிலேய அரசுக்குத் தெரியாமல் இல்லை. கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் வேறு வழியில் போகாமல் பார்க்க வேண்டும் என்று 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் வருவாய் வாரியத்துக்குப் பொறுப்புக் கொடுத்தது. 1884ல் உள்ளாட்சி வாரியங்களுக்கான சட்டம் வந்தபின் பல சத்திரங்கள் அந்த வாரியங்களின் கைக்குப் போயின. வாரியத்துக்குச் சாலை, பள்ளி, அம்மை குத்துதல், சத்திரம் எல்லாம் ஒரே கணக்கில் வரும் செலவுகள். யாரும் வராத சத்திரத்துக்குக் கூரை மாற்றுவது அதில் கடைசி. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்குவதற்குப் பயணியர் பங்களாக்கள் கட்டப்பட்டன. அங்கே சமையற்காரன் உண்டு, வாடகை உண்டு, வருகைப் பதிவேடும் உண்டு. ஊர்க்காரனின் சத்திரத்துக்கு அந்தக் கவனிப்பு இல்லை.

பிழைத்தவை இரயில் நிலையத்தை ஒட்டியிருந்த சத்திரங்கள்தான். மதுரையில் மங்கம்மாள் சத்திரத்தின் எதிரிலேயே இரயில் நிலையம் வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சவளை இராமசாமி முதலியார் சத்திரம் கட்டினார். பக்கத்தில் பெரியமேட்டில் சித்திக் சராய் உண்டு. இரயிலில் வந்து இறங்கி, மறு இரயிலுக்குக் காத்திருக்கும் ஏழைப் பயணிக்கு இவை உதவின. மற்ற இடங்களில் காபி கிளப்பும் மிலிட்டரி ஓட்டலும் லாட்ஜும் சத்திரத்தின் வேலையை எடுத்துக்கொண்டன, காசுக்கு.

இன்றைய சாலை

ஆரம்பாக்கத்தை ஒட்டிப் போகும் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 16. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்து, 1960ல் எல்லை மாற்றங்கள் முடிந்தபின், இந்தப் பகுதி இரு மாநில எல்லையாகிவிட்டது. எளாவூர்ச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையில் மணிக்கணக்காக நின்ற காலம் உண்டு. ஆற்று வெள்ளத்துக்குக் காத்திருந்த வண்டிக்காரனைப் போலவே லாரி ஓட்டுநரும் காத்திருந்தார். 2017ல் ஜி.எஸ்.டி. வந்து மாநில விற்பனை வரிச் சோதனை நீங்கியதும் அந்தக் காத்திருப்பு குறைந்தது. ஓட்டுநர்கள் இப்போது தாபாக்களின் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார்கள், அல்லது லாரிக்கு அடியிலேயே துண்டை விரிக்கிறார்கள்.

செங்குன்றத்தை அடுத்த நல்லூரில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. ஒரு காலத்தில் வழிப்போக்கன் காசில்லாமல் தலைசாய்த்த இடத்துக்கு வழங்கிய சாவடி என்ற சொல், இந்தச் சாலையில் இன்று காசு கொடுத்துக் கடக்கும் இடத்துக்கு வழங்குகிறது. சத்திரம் என்ற சொல்லும் நகரங்களில் கல்யாண மண்டபம் என்று பொருள் மாறிவிட்டது. முகூர்த்த நாளுக்கு வாடகை பேசி, முன்பணம் கட்டினால்தான் கதவு திறக்கும்.

பழைய சத்திரங்களை எல்லாம் திரும்பக் கட்ட முடியாது. சாதி பார்த்துச் சோறு போட்ட முறை திரும்ப வரவும் வேண்டாம். ஆனால் சாலையில் நடப்பவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. 2020 ஊரடங்கின்போது பேருந்தும் இரயிலும் நின்றுபோய், பல மாநிலங்களில் வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்ததை நாடே பார்த்தது. ஒரு நாள் நடைக்கு ஒரு கூரை, ஒரு கிணறு, ஒரு வேளைச் சோறு என்ற பழைய கணக்கு அன்று மறுபடி நினைவுக்கு வந்தது. அப்போது ஆங்காங்கே ஊர்க்காரர்கள் சாலையோரம் பந்தல் போட்டுச் சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்தார்கள். சாப்பிட வந்தவர் எந்த மாநிலம், எந்தச் சாதி என்று கேட்கவில்லை.

ஜனப்பன்சத்திரத்துக்கும் தொரவாரிசத்திரத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் செய்ததும் அடிப்படையில் அதுதான். அவர்கள் கட்டிய சுவர்கள் நிலைக்கவில்லை. பேருந்து நடத்துனரின் குரலிலும் இரயில் நிலையப் பலகையிலும் அந்தத் தருமத்தின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.